தலைகீழ்த் தோள்மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை

தலைகீழ்த் தோள்மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது, தோளின் தசைநாண்கள் சீர்செய்ய இயலாத அளவுக்குக் கிழிந்தவர்களுக்கு, மூட்டின் பந்தும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று இடம் மாறும் வகையில் செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையாகும். இதன் இன்றைய வடிவத்துக்குப் பிரான்சின் டிஜோன் நகர அறுவை மருத்துவர் பால் கிராமோன் 1985 ஆம் ஆண்டில் அடித்தளமிட்டார்.

உடற்கூறு

தோள்மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டையான தலை பந்தாகவும், தோள்பட்டை எலும்பிலுள்ள சிறு குழி கிண்ணமாகவும் அமைகின்றன. இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது. தோளின் கிண்ணமோ ஏறத்தாழ ஒரு தட்டுப் போன்றது. கை எல்லாத் திசைகளிலும் சுழல்வதற்கும், மூட்டு எளிதில் நிலைகுலைவதற்கும் இதுவே காரணம்.

பந்தைக் கிண்ணத்தின் நடுவில் அழுத்திப் பிடித்திருப்பவை நான்கு தசைகளின் நாண்கள். மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்று அழைக்கும் இத்தொகுதியைத் தமிழில் சுழற்றுத் தசைப்பட்டை எனலாம். கையைத் தூக்கும் பெரும் விசையைத் தருவது தோளை மூடியுள்ள டெல்டாயிடு என்னும் முக்கோணத் தசை. தசைப்பட்டை கிழிந்துவிட்டால் டெல்டாயிடு சுருங்கும்போது பந்து சுழலாமல் மேல்நோக்கி நழுவி, மேலுள்ள எலும்பு முனையில் இடிக்கிறது. மற்றொருவர் பிடித்துத் தூக்கினால் கை முழுதும் உயரும். தானாகத் தூக்க முயன்றால் தோள் மட்டம்கூட எட்டாது. இந்நிலை பொய்வாதம் எனப்படுகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு உரசி மூட்டு தேய்வதை, அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் நீர் 1983 இல் தனி நோயாக விவரித்துப் பெயரிட்டார்.

வரலாறு

முதல் செயற்கைத் தோள்மூட்டை 1893 இல் பாரிசில் சூல் எமீல் பெயான் என்பவர் காசநோயால் மூட்டு அழிந்த ஒருவருக்குப் பொருத்தினார். அதன் தண்டு பிளாட்டினத்தாலும் பந்து கடினமாக்கப்பட்ட ரப்பராலும் ஆனவை. தொற்றின் காரணமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அதனை அகற்ற நேர்ந்தது.

நீர் 1950களில் உருவாக்கிய உலோகப் பந்து எலும்பு முறிவுகளுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் நன்கு பயன்பட்டது. ஆயினும் தசைப்பட்டை இல்லாத தோளில் வழக்கமான முழு மூட்டு மாற்று நிலைக்கவில்லை. பந்து மேலேறும்போதெல்லாம் செயற்கைக் கிண்ணத்தின் மேல்விளிம்பு மட்டும் அழுத்தப்பட்டு, ஆடுகுதிரை போல் கிண்ணம் அசைந்து தளர்ந்தது. பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றும் எண்ணம் 1970களிலேயே பலருக்குத் தோன்றியது. அவர்களுடைய கருவிகளில் சுழற்சி மையம் எலும்பிலிருந்து வெளியே தள்ளி நின்றதால் அவையும் பிடுங்கிக்கொண்டன.

கிராமோனின் திறம் இங்கேதான் உள்ளது. அவர் பந்துக்குக் கழுத்து வைக்காமல் அதனைத் தோள்பட்டை எலும்பின் மீதே பதித்தார். இதனால் சுழற்சி மையம் உட்புறமாகவும் கீழாகவும் நகர்ந்தது. கை சற்று நீண்டு டெல்டாயிடு இழுபட்டு நின்றது. தசைப்பட்டையின் துணையின்றி டெல்டாயிடு மட்டுமே கையைத் தூக்கப் போதுமானதாயிற்று. மேம்பட்ட வடிவமான 'டெல்டா 3' 1991 இல் வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் இம்முறைக்கு 2003 இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

தொழிலும் தோளும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரம் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்தது. முதிர்ந்த மரங்களில் வெட்டு மேல்நோக்கி நகரும்போது, பால் வெட்டுபவர் நீண்ட பிடியுள்ள கத்தியைத் தலைக்கு மேல் உயர்த்தி நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவர வேண்டும். தென்னையும் பனையும் ஏறுவோர் உடல் எடையையே கைகளில் தாங்குகின்றனர். தோளுக்கு மேல் கையை உயர்த்திப் பல ஆண்டுகள் செய்யும் வேலை, முதுமையுடன் சேர்ந்து தசைநாண் தேய்வுக்குக் காரணமாவது அறியப்பட்டதே.

இம்மாவட்டத்தில் தோளில் அடிபட்டால் முதலில் வர்ம ஆசானிடம் செல்வது நெடுநாள் வழக்கம். தைலமும் தடவலும் வலிக்கு ஆறுதல் தரலாம். எலும்பிலிருந்து அறுந்த நாணை அவை ஒட்டவைப்பதில்லை. மரத்திலிருந்து விழுந்த பின் கையைத் தூக்க இயலாதவர் சில வாரங்களுக்குள் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது. அப்போது நாணைத் தைத்துவிட முடியும். காலம் கடந்தால் நாண் உள்வாங்கி, தசை கொழுப்பாக மாறுகிறது. அம்மாற்றம் பெரும்பாலும் மீள்வதில்லை. குலசேகரத்தில் தனியார் மருத்துவக் கல்லூரியும் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளமையால், எலும்பு மருத்துவரைக் காண மாவட்டத்தை விட்டுச் செல்ல வேண்டியதில்லை.

தகுதியும் செய்முறையும்

கிழிவு உள்ள அனைவருக்கும் இது தேவையில்லை. பெரிய கிழிவு இருந்தும் வலியின்றி வாழும் முதியோர் பலர். முதலில் உடற்பயிற்சி மருத்துவம் சில மாதங்கள் முயலப்படும். டெல்டாயிடு தசையும் அதன் நரம்பும் செயல்படாதவருக்கு இந்த அறுவை பயன் தராது. பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது மூட்டுகள் இடத்திலேயே இருக்கின்றன என்றாலும், சில ஆண்டுகளில் கையின் வலிமை குறையத் தொடங்குவது காணப்படுகிறது.

அறுவையின்போது மேற்கை எலும்பின் தலை வெட்டி நீக்கப்படும். தோள்பட்டை எலும்பில் திருகாணிகளால் உலோகத் தட்டும் அதன்மேல் அரைக்கோளப் பந்தும், மேற்கை எலும்பினுள் தண்டும் பாலிஎத்திலீன் கிண்ணமும் பொருத்தப்படும். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை தூளியில் இருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுசெல்வதும், கையூன்றி எழுவதும் இக்காலத்தில் தவிர்க்கப்பட வேண்டும். மூட்டு நழுவுவது பெரும்பாலும் அவ்வாறே. தலைவாரவும் உண்ணவும் கை மீண்டும் உயரும். மரமேறும் தொழிலுக்குத் திரும்ப முடியும் என எதிர்பார்க்கலாகாது. தொழிலாளி அறுவைக்கு முன்பே கேட்டறிய வேண்டிய செய்தி இது.

சிக்கல்கள்

மூட்டு நழுவல், தொற்று, நரம்புக் காயம், தோள் முனை எலும்பில் அழுத்த முறிவு ஆகியன முதன்மையானவை. தோலில் இயல்பாக வாழும் ஒரு நுண்ணுயிரி (கியூட்டிபாக்டீரியம் ஆக்னீசு) மெதுவாக வளர்வதால், தொற்று மாதங்கள் கழித்தே வெளிப்படக்கூடும்.

செலவும் மாற்று முறைகளும்

இந்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை அறிவித்தது. ஆனால் அவ்வாணை முழங்காலுக்கு மட்டுமே உரியது.

இளையவர்களுக்கு வேறு தசையின் நாணை இடம்மாற்றித் தைப்பதும், சப்பானிய மருத்துவர் மிகாத்தா அறிமுகப்படுத்திய மேலுறை மீளமைப்பும் கையாளப்படுகின்றன. எலும்புகளுக்கிடையே கரையும் பலூனை வைக்கும் முறையும் உண்டு. 2022 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், பலூன் வைத்தவர்கள் வைக்காதவர்களைவிட நலமடையவில்லை.