புலி யார், ஆடு யார்?

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிக் கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைமேல் போனால், கல்வராயன் மலையில் கரியாலூர் வந்து சேரும். அங்கே போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். நானோ ஒரு பாறையின் அருகிலேயே நின்றுவிட்டேன். அதன்மேல் கரித்துண்டால் கோடு கிழித்து, ஒரு பெரியவரும் நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நேயர்களுக்குத் தெரிந்த ஆட்டந்தான். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஒன்றோடொன்று ஒட்டி நின்று, புலியை நகரவிடாமல் அடைப்பது ஒன்றே அதற்குள்ள வழி.

அதைப் பார்த்ததும் எனக்குச் சீனத்து ஆட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஜப்பானியர் அதைக் 'கோ' என்பார்கள். தமிழில் கோ என்றால் அரசன். பசு என்றும் பொருள் உண்டு. இரண்டும் பொருந்தவே செய்கின்றன. ஏனெனில் அரசர் மாளிகையிலும் ஆடினார்கள், சாமானியர் திண்ணையிலும் ஆடினார்கள். சீனர் இட்ட பெயர் 'வெய்சி'. சுற்றி வளைக்கும் ஆட்டம் என்று அர்த்தம். 19 கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, அவை சந்திக்கும் இடங்கள் 361. கறுப்பு ஒருவருக்கு, வெள்ளை ஒருவருக்கு. ஒரு காயைச் சுற்றியுள்ள வெற்றிடங்களைச் சீனர் 'மூச்சு' என்கிறார்கள். மூச்சு முழுவதும் அடைபட்ட காய் பலகையை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்துக்கே ஒருமுறை மூச்சு முட்டியது. ஜப்பானில் 1612-ஆம் ஆண்டு தொக்குகாவா அரசு ஆட்டத்தில் வல்லவர்களுக்கு மானியம் அளித்தது. நான்கு குடும்பங்கள் அந்த மானியத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1868-இல் அந்த ஆட்சி போயிற்று, மானியமும் போயிற்று. அரண்மனையை நம்பிய கலைக்கு அரண்மனை சாய்ந்ததும் என்ன கதி? நம் ஊர் நாட்டியக்காரர்களையும் நாகஸ்வர வித்துவான்களையும் கேட்டால் சொல்வார்கள். ஆனால் முராசே ஷூஹோ என்பவர் சோர்ந்துவிடவில்லை. 1879-இல் 'ஹோயென்ஷா' என்ற சங்கத்தை அமைத்தார். கோர்ஷெல்ட் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணருக்கும் ஆட்டத்தைக் கற்பித்தார். அவர் எழுதியதைப் படித்து ஐரோப்பாவிலும் சிலர் ஆடத் தொடங்கினார்கள்.

பிறகு 1945, ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவின் புறத்தே இட்சுகைச்சி என்ற இடத்தில், ஹஷிமோட்டோவும் இவாமோட்டோவும் பட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ஆட்டம். காலையில் அணுகுண்டு வெடித்தது. ஜன்னல்கள் நொறுங்கின; காய்கள் சிதறின. காய்களை மறுபடி அடுக்கி, அன்றே ஆட்டத்தை முடித்தார்கள். ஹஷிமோட்டோ வென்றார். இவாமோட்டோ தோற்றார், ஆனால் உயிர் பிழைத்தார். அந்த உயிரை, ஆட்டத்தை உலகெங்கும் பரப்பும் பணிக்கே அவர் கொடுத்தார். முதுமையில் தம் உடைமையை விற்று, சாவோ பாவ்லோ, ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், சியாட்டில் நகரங்களில் பொதுமக்களுக்காக ஆட்ட நிலையங்கள் அமையச் செய்தார்.

நிலையம் அமைத்தால் போதுமா? 361 இடங்களைப் பார்த்த குழந்தை மிரண்டு ஓடாதா? அதற்கு வழி கண்டவர் யசுதா என்ற ஆட்டக்காரர். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வதைக்கும் செய்திகள் 1990-களில் அவர் மனத்தை உலுக்கின. சிறிய பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளிகளுக்குப் போனார். முதலில் ஒரே ஒரு காயைப் பிடித்தவர் வென்றார் என்று விதியைச் சுருக்கினார். பேசாத பிள்ளையும் எதிரே உட்கார்ந்து காய் வைக்கிறது, அதுவே பேச்சாகிறது. குழந்தைகளோடு முதியவர்களுக்கும் அவர் இப்படியே கற்பித்தார்.

கரியாலூர்ப் பாறையில் நானும் யசுதாவின் வழியையே பிடித்தேன். ஆடுபுலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 9 கோடுகள் குறுக்கே, 9 கோடுகள் நெடுக்கே. கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குக் கூழாங்கல். விதி சொல்ல இரண்டு நிமிஷம் ஆயிற்று. அடைப்பது எப்படி என்று நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடுகளை நடத்திப் பழகிய கைகள் அல்லவா?

ஒரு பையன் மட்டும் கட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், இதிலே புலி யாரு, ஆடு யாரு?"

நான் திகைத்தேன். இதில் புலியும் இல்லை, ஆடும் இல்லை. எல்லாக் காயும் ஒரே காய். எங்கே நிற்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பலமும் பலவீனமும். இதை அவனிடம் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார். "அப்படி ஒரு ஆட்டம் இருக்குதுங்களா, ஐயா? ஜாகீர் காலத்திலே நாங்க எல்லாம் ஆட்டுப் பக்கந்தான்" என்றார். இந்த மலையில் ஜாகீர் ஆட்சி ஒழிந்தது 1976-இல். நாடு சுதந்திரமடைந்து 29 வருஷங்களுக்குப் பிறகு! அவருடைய சிரிப்பில் நான் கலந்துகொள்ள முடியவில்லை.

வெளியூர் ஆட்டம் வந்தால் நம் ஆட்டம் அழிந்துபோகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் அன்று நம் ஆட்டம் கையைப் பிடித்து அழைத்து வந்ததால்தான் புது ஆட்டம் அந்தப் பாறையில் ஏற முடிந்தது. பழையதை மறந்த பிள்ளைக்குப் புதியதைக் கற்பிப்பது கடினம்.

பஸ் வந்தது. நான் கிளம்பும்போது ஒரு சிறுமி, "அடைச்சிட்டேன்!" என்று கூவினாள். பாறையில் இரண்டு கட்டங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. ஒரு மழை பெய்தால் இரண்டும் அழிந்துவிடும். ஆனால் கரித்துண்டு அந்தச் சிறுமியின் கையில் இருந்தது.