மழையில் நனைந்த சான்று

1822 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. இலையுதிர்காலத்தின் கடைசி நாள்கள். தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹாம்பிள்டன் என்னும் சிற்றூரிலிருந்து சர்ரேயின் தர்ஸ்லியை நோக்கி வில்லியம் காபெட் குதிரையேறிப் புறப்பட்டார். அறுபதை நெருங்கிய வயது. ஹைண்ட்ஹெட் குன்றின் மேலாகச் செல்லும் நல்ல சுங்கச்சாலை ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் குன்றின்மீது அவருக்குத் தீராத வெறுப்பு. அதில் கால் வைக்காமலே போய்ச் சேருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாற்றுப் பாதையில் போகவே முடியாது என்று பலர் தடுத்தும் கேட்கவில்லை.

ஹாக்லி அருகே, செங்குத்தான சரிவில் மரங்கள் தொங்குவதுபோல் அடர்ந்திருக்கும் இடத்தில் பாதை கீழே இறங்கியது. சுண்ணாம்பு கலந்த அந்த மண் நனைந்தால் சவர்க்காரம்போல் வழுக்கும். குதிரை நடந்து இறங்கவில்லை, சறுக்கியே இறங்கியது. ஹெட்லியில் இருட்டும் மழையும் சேர்ந்துகொள்ள, மூன்று ஷில்லிங் கூலி பேசி ஒரு வழிகாட்டியை அமர்த்தினார். புதர்க்காட்டில் அவரும் வழி தவறினார். தொப்பலாக நனைந்தவாறு இருவரும் கடைசியில் எங்கே ஏறி நின்றார்கள் தெரியுமா? அதே ஹைண்ட்ஹெட்டில்! தம் வாழ்வில் இதைவிடச் சுவையான நாளைக் கழித்ததில்லை என்ற பொருளில் அன்றைய குறிப்பைக் காபெட் முடிக்கிறார்.

வேளாண் வரலாறு பயிலும் மாணவர்கள் இப்பகுதியை வேடிக்கைக் கதையாக வாசித்துவிட்டுக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் கடந்தேன். நெப்போலியன் போர்கள் 1815இல் முடிந்தபின் தானிய விலை சரிந்தது. 1821இலும் 1822இலும் நாடாளுமன்றக் குழுக்கள் வேளாண் துயரைப் பற்றி இலண்டனில் அமர்ந்து சாட்சியம் கேட்டன. காபெட்டோ குதிரையேறினார். பயணக் குறிப்புகளைத் தம் ‘பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர்’ வார இதழில் வெளியிட்டார். 1830இல் அவை ‘ரூரல் ரைட்ஸ்’ என நூலாயின. சுங்கச்சாலையிலிருந்து பார்த்தால் நாடு தெரியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். குறுக்குப் பாதைகள், வயல் வரப்புகள், வேலை செய்துகொண்டிருக்கும் கூலியாட்களோடு நேர்ப்பேச்சு ஆகியவையே அவருடைய தரவுகள்.

இராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட நூலில், ஊரக ஆய்வாளர்கள் தார்ச்சாலையோரத்தை விட்டு விலகுவதில்லை என்றும், உலர்ந்த பருவத்தில்தான் ஊருக்குள் வருகிறார்கள் என்றும் குற்றஞ்சாட்டினார். பட்டினியும் நோயும் மிகும் மழைமாதங்களை அவர்கள் காண்பதே இல்லை. 1970களில் வட ஆர்க்காட்டு நெல் வட்டாரங்களில் ஆய்வு செய்தவர் அவர். அவர் கூறிய இரண்டு குறைகளுக்கும், எந்த முறையியலும் பேசாமல், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தம் நனைந்த மேலங்கியால் விடை சொல்லியிருந்தார் காபெட்.

அந்த அலைச்சலின் விளைச்சல் சிறிதன்று. 1823இல் கென்ட்டின் தானட் பகுதிக்கு வந்தபோது, மிகச் செழிப்பான தானிய நிலத்தில் மிக வறிய கூலியாட்களைக் கண்டார். காடும் புறம்போக்கும் உள்ள மெலிந்த மண்ணிலோ ஏழைக்கு விறகு கிடைத்தது. பன்றி வளர்க்க இடம் இருந்தது. விளைச்சல் கணக்கை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த முரண் பிடிபடாது. 1830இல் தென் மாவட்டங்களில் ‘ஸ்விங்’ கலகம் வெடித்து, கதிரடிக்கும் இயந்திரங்கள் நொறுக்கப்பட்டபோது, அவரை வாசித்து வந்தவர்களுக்கு அது திடீர் நிகழ்வாக இருந்திருக்காது.

ஆனால் குதிரை முதுகு உண்மையின் பீடம் அன்று. சிற்றூர்களில் பெரிய தேவாலயங்களைக் கண்ட காபெட், இடைக்காலத்தில் மக்கள்தொகை மிகுதியாக இருந்து பின்னர் குறைந்துவிட்டது என்று சாதித்தார். இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்து 1801இல் ஏறத்தாழ 89 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1821இல் 1 கோடியே 20 இலட்சமாக உயர்ந்ததைக் கணக்கெடுப்பு காட்டியது. அவர் அந்தக் கணக்கையே பொய் என்றார். யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை வெறுப்பு மட்டுமே. ‘அக்காலத்தவர் அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணால் கண்டதை அவர் துல்லியமாக எழுதினார்; காணாததையும் அதே உறுதியோடு எழுதினார். ஆகவே அவரைப் பயன்படுத்துவோர் பக்கத்துக்குப் பக்கம் இவ்விரண்டையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது என் களப்பணி அட்டவணைதான். விதர்ப்பாவின் பருத்திச் சிற்றூர்களுக்கு மூன்று ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எல்லாப் பயணமும் டிசம்பர், ஜனவரியில். பருவத்தேர்வு விடுமுறை, காய்ந்த சாலை, இதமான வெயில். விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் மாதங்களையும், களையெடுக்கும் பெண்கள் சேற்றில் நிற்கும் மாதங்களையும் நான் பார்த்ததில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த பயணத்தை ஜூலைக்கு மாற்றித் தருமாறு நெறியாளரிடம் நேற்று விண்ணப்பித்தேன். “மழையில் பேருந்து உள்ளே போகாதே” என்றார்.