இரவல் சாவி

அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட் ஓடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? வாட்ச்மேனைத் திட்டுவீர்கள், அசோசியேஷன் செகரட்டரியைத் திட்டுவீர்கள், அப்புறம் மூச்சு வாங்கப் படியேறுவீர்கள்.

2006-ல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஒரு இளைஞர் அப்படித்தான் ஏறினார். அவர் வீடு இருந்தது இருபத்தொன்றாவது மாடியில்! பெயர் கிரேடன் ஹோர், வயது 29, மொசில்லாவில் புரோகிராமர். மோட்டார், கயிறு எதிலும் கோளாறு இல்லை. லிஃப்டை இயக்கிய சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. அதுவும் முதல் தடவையல்ல. 'ஒரு லிஃப்டை ஒழுங்காக ஓட்டக்கூட நம் ஆட்களுக்குத் துப்பில்லையா?' என்று மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்க ஆரம்பித்தார். அதுதான் 'ரஸ்ட்'. இரும்பில் பிடிக்கும் துரு அல்ல... பயிர்களுக்குத் துருநோய் கொண்டுவரும் பூஞ்சை! எந்தச் சூழ்நிலையிலும் தாக்குப்பிடிக்கும் ஜீவன் என்பதால் அந்தப் பெயர்.

லிஃப்ட் இனி இந்தக் கதையில் வராது. வரப்போவது ஒரு சாவி.

அதற்கு முன், ஹோருக்கு யார் மீது கோபம் என்று சொல்லிவிடுகிறேன். சி மொழி! 1972-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அசுர வேகம். யூனிக்ஸும் லினக்ஸும் அதன் தோளில்தான் நிற்கின்றன. ஆனால், சி ரொம்ப வெள்ளந்தி. மெமரியில் 'இங்கே எழுது' என்றால் எழுதிவிடும். அது உன் இடம்தானா என்று கேட்காது. 72 பெர்த் உள்ள பெட்டியில் 73-வது ஆளையும் ஏற்றிக்கொள்ளும். அவர் நேராகப் பக்கத்துப் பெட்டிக்குப் போய் அடுத்தவர் பெர்த்தில் படுத்துக்கொள்வார். ரஸ்ட் அப்படியல்ல. கறாரான டிக்கெட் பரிசோதகர்! கணக்கு இடித்தால் வண்டியைக் கிளம்பவே விடாது.

இப்போது சாவிக்கு வருவோம்.

யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'ரூட்' என்றொரு சர்வாதிகாரி உண்டு. யாருடைய ஃபைலையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். அந்த பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்தால் குடி முழுகிவிடும். கொடுக்காவிட்டாலோ சின்னச் சின்ன வேலைகூட நடக்காது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் இதற்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பெயர் 'சூடூ'. கட்டளைக்கு முன்னால் இந்த வார்த்தையைச் சேர்த்து அடித்தால், பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் ரூட்டின் அதிகாரத்தை இரவல் தரும். 'சுடு' என்று படித்தாலும் தப்பில்லை. தப்பான கையில் சிக்கினால் சுடத்தான் செய்யும்.

சி மொழியில் எழுதப்பட்ட இலவச, ஓப்பன் சோர்ஸ் கருவி. உலகத்தின் லட்சக்கணக்கான சர்வர்களில் காவல் காக்கும் இதை, டாட் மில்லர் என்ற ஒரு மனிதர் 30 வருடங்களுக்கு மேலாகப் பராமரித்து வந்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள்... ஊர் முழுவதற்கும் ஒரே பூட்டுக்காரர்!

2021 ஜனவரியில் இடி விழுந்தது. சூடூவில் ஒரு ஓட்டை இருப்பதாக 'குவாலிஸ்' என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. கொடுக்கும் வார்த்தையின் கடைசியில் பின்பக்கம் சாய்ந்த ஒரு கோடு இருந்தால், 'இத்தோடு முடிந்தது' என்ற அடையாளத்தைத் தாண்டி சூடூ எழுதிக்கொண்டே போகும். அதே 73-வது பயணி! அதைப் பிடித்துக்கொண்டு பட்டியலில் பெயரே இல்லாத ஆசாமியும் ரூட் ஆகிவிடலாம். ஓட்டைக்கு வைத்த பெயர் 'பேரன் சமெடிட்'. (நம் வீட்டுப் பேரன் அல்ல... ஹைட்டி நாட்டு வூடூ மரபில் சாவுக்கு அதிபதியான பிரபு பேரன் சமெடி!) அந்தப் பிழை உள்ளே நுழைந்தது 2011 ஜூலையில். ஒன்பதரை வருடம் திறந்தே கிடந்திருக்கிறது. சோர்ஸ் கோடு யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரிதான் இருந்தது, படித்தவர்தான் இல்லை!

ஒட்டுப் போட்டு அடைத்தார்கள். ஆனால், ஒட்டுப் போடுவதோடு விட முடியுமா? 2022 டிசம்பரில் ஐ.எஸ்.ஆர்.ஜி. என்ற லாபநோக்கற்ற அமைப்பின் முயற்சியில், நெதர்லாந்து, ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள் சூடூவை ரஸ்ட்டில் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தன. மில்லர் கோபப்பட்டிருக்கலாம். பதிலாக, கூப்பிட்டபோதெல்லாம் ஆலோசனை சொன்னார். பழைய சூடூ ஒவ்வொரு சமயத்திலும் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய இவர்கள் நூற்றுக்கணக்கில் சோதனைகள் எழுத, அதில் பழைய சூடூவிலேயே சில பிழைகள் மாட்டின. லாபம் இரண்டு பக்கத்துக்கும்!

எனக்கு இந்த மாதிரி 'இடித்துக் கட்டு' வேலைகளில் எப்போதும் ஒரு பயம் உண்டு. பழைய புரோகிராமில் அசட்டுத்தனமாகத் தெரிகிற ஒரு வரி, யாரோ எப்போதோ சூடுபட்டுச் சேர்த்ததாக இருக்கும். அதைப் புது மொழியின் பரிசோதகர் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

2023 ஆகஸ்டில் முதல் நிலையான பதிப்பு வந்தது. 2025 அக்டோபரில் உபுண்டு 25.10 புதிய சூடூவையே இயல்பான சூடூவாக வைத்தது. அடுத்த மாதமே ஒரு வேடிக்கை. நீங்கள் பாஸ்வேர்டைப் பாதி அடித்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்... காத்திருந்து நேரம் முடிந்ததும், அடித்த பாதி பாஸ்வேர்டு பளிச்சென்று திரையில் வந்து நிற்கிறது! மெமரியில் யாரும் எல்லை தாண்டவில்லை. கிளம்பும்போது அதை மறைக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரஸ்ட் அதில் குற்றமே காணவில்லை.

உடனே திருத்திவிட்டார்கள். உபுண்டுக்காரர்கள் உஷார் பேர்வழிகள், பழைய சூடூவைத் தூக்கிப் போடவில்லை. 'சூடூ.டபிள்யூ.எஸ்' என்று, அதன் பழைய இணைய முகவரியையே பெயராக வைத்து ஓரமாக மாட்டி வைத்திருந்தார்கள்.