ரிஸ்மாவிலிருந்து ரீல் வரை: கடதாசியைச் சுற்றியவர்களும் பொதிந்தவர்களும்

கடதாசியின் வரலாறு பற்றி நம்மவர்கள் எழுதுகிற கட்டுரைகளுக்கு ஒரு வழமையான பாதை இருக்கிறது. தலாஸ் யுத்தத்தில் தொடங்கும். சமர்கந்துக்குப் போகும். பக்தாதில் வர்ராக்கீன் கடைத்தெருவில் கொஞ்சம் நின்று பெருமூச்சு விடும். பிறகு ஸ்பெயினின் ஷாத்திபா வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ‘இப்படித்தான் நாம் உலகுக்குக் கடதாசி கொடுத்தோம்’ என்று முடியும். குற்றம் சொல்லவில்லை. இளம் வயதில் நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். அதை எங்கள் சாச்சாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் பல வருடம் வேலை செய்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி மகன். செய்த கடதாசிய எப்பிடிச் சுத்தினாங்க, எப்பிடிக் கட்டி அனுப்பினாங்க எண்டு ஒண்டுமே இல்லியே?” என்றார்.

அன்று அது எனக்கு ஒரு தொழிலாளியின் அப்பாவித்தனமான கேள்வியாகப் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். அச்சகத்திலும் புத்தகக் கடையிலும் ‘ஒரு ரீம் பேப்பர்’ என்கிறோம். இந்த ‘ரீம்’ ஆங்கிலத்தில் பிறந்த சொல் அல்ல. அரபியில் ‘ரிஸ்மா’ என்றால் கட்டு, பொதி. ஸ்பானிய மொழியில் அது ரெஸ்மா, இத்தாலிய மொழியில் ரிஸ்மா. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ரீம் ஆயிற்று. நாம் சொல்கிற ‘கடதாசி’யும் ‘கிர்தாஸ்’ என்ற அரபுச் சொல்லோடு உறவுள்ளதுதான். சூரத்துல் அன்ஆமில் அச்சொல் வருவது ஓதுகிறவர்களுக்குத் தெரியும். ‘காகிதம்’ பாரசீக வழியில் வந்தது. இவற்றில் எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிவது ரிஸ்மாதான். ஏனென்றால் அது கடதாசியைக் குறிக்கிற சொல் அல்ல, கடதாசியைக் கட்டுகிற செயலைக் குறிக்கிற சொல். ஐரோப்பியர் நம்மிடமிருந்து பொருளை மட்டும் வாங்கவில்லை. எண்ணி, அடுக்கி, பொதிந்து விற்கிற முறையையும் அதன் பெயரோடு சேர்த்து வாங்கினார்கள்.

தலாஸ் கதை பற்றி ஒரு வார்த்தை. கி.பி. 751இல் சிறைபிடிக்கப்பட்ட சீனர்களே சமர்கந்துக்குக் கடதாசி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது, அந்த யுத்தத்துக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பிந்தி எழுதிய ஸஆலிபீ வழியாக நமக்கு வருவது. மத்திய ஆசியாவின் சொக்தியர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கடதாசியில் கடிதம் எழுதியிருக்கிறார்கள், அக்கடிதங்கள் கிடைத்துமிருக்கின்றன. ஆகவே யுத்தக் கைதிகளைவிட வணிகர்களின் பொதிகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்தாதில் கடதாசிப் பட்டறை வந்தது. அடுத்த நூற்றாண்டில் யஅகூபி அந்நகரில் நூற்றுக்கு மேற்பட்ட வர்ராக் கடைகள் இருந்ததைச் சொல்கிறார். அங்கும், பிறகு ஐரோப்பாவிலும், ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்குக் கடதாசி என்றால் தனித்தனித் தாள்தான். தொட்டியில் சட்டத்தை முக்கி எடுப்பவனின் இரண்டு கைகளும் எவ்வளவு அகலத்துக்கு விரியுமோ, அதற்கு மேல் தாள் பெரிதாக முடியாது.

அந்த எல்லையை உடைத்தவர் நிக்கொலா லூயி ரொபேர் என்ற பிரெஞ்சுக்காரர். பாரிஸுக்குத் தெற்கே எசோன் என்ற ஊரில் டிடோ குடும்பத்தின் ஆலையில் வேலை செய்தவர். தொழிலாளர்களின் ஓயாத சச்சரவில் சலித்துப்போய், ஓடுகிற கம்பிவலையின்மேல் கூழை ஊற்றி முடிவில்லாத தாள் செய்யும் இயந்திரத்துக்கு 1799இல் காப்புரிமை பெற்றார். அது இங்கிலாந்துக்குப் போய், பிரையன் டொன்கின் என்ற பொறியியலாளரின் கையில் 1803இல் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பணம் போட்ட ஃபோர்ட்ரினியர் சகோதரர்கள் கடனில் மூழ்கினார்கள். ரொபேர் ஓர் ஏழைப் பள்ளி ஆசிரியராக 1828இல் இறந்தார். 1820களில் குரொம்டன் என்பவர் நீராவியால் சூடேற்றிய உருளைகளில் தாளை உலர்த்தும் வழியைக் கண்டபின், இயந்திரத்தின் ஒரு முனையில் கூழை ஊற்றினால் மறுமுனையில் காய்ந்த கடதாசியை அப்படியே சுற்றி எடுக்கலாம் என்றாயிற்று. புத்தகம் சுருளிலிருந்து ஏட்டுக்கு மாறிப் பல நூற்றாண்டுகள் கழித்து, கடதாசி மறுபடி சுருளுக்குத் திரும்பியது.

ஆனால் அச்சகத்தார் உடனே சுருளை எடுக்கவில்லை. இயந்திரம் மட்டும் காரணமல்ல, வரியும் காரணம். பிரித்தானியாவில் கடதாசிக்கு வரி. ரிஸ்மாவின் மேலுறையிலேயே வரி அதிகாரியின் சீட்டு ஒட்டியிருக்கவேண்டும். பத்திரிகைக்கு இன்னொரு வரி. ஒவ்வொரு தாளிலும் தனித்தனி முத்திரை. பின்னாளில் தபால் முத்திரையால் பேர்பெற்ற ரோலண்ட் ஹில், 1835இல் சுருளிலிருந்து அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். தாள்தாளாக முத்திரை குத்துகிற முறையை அரசு விட்டுக்கொடுக்காததால் அது அப்படியே கிடந்தது. பத்திரிகை முத்திரை வரி 1855இலும் கடதாசி வரி 1861இலும் நீங்கின. அமெரிக்காவில் வில்லியம் புலொக் 1863இல் சுருள் அச்சியந்திரத்துக்கு உரிமை பெற்றார். நான்கு வருடத்தில் தன்னுடைய இயந்திரத்திலேயே கால் சிக்கி, அந்தக் காயத்தால் மௌத்தானார்.

இனி சாச்சாவின் கேள்விக்கு வருகிறேன். இயந்திரத்தின் வாலில் இரும்புத் தண்டில் சுற்றப்படுவது தாய்ச்சுருள். அதை அப்படியே யாருக்கும் விற்க முடியாது. அதை அவிழ்த்து, வட்டக் கத்திகளால் வேண்டிய அகலத்துக்குக் கீறி, தடித்த அட்டைக் குழல்களின்மேல் மறுபடி சுற்றவேண்டும். இதைச் செய்கிற இயந்திரத்தை வைண்டர் என்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருளைகள் சுழலும். அவற்றின் மடியில் குழல் கிடக்கும். கடதாசி அதில் ஏறும். பார்க்கச் சும்மா நூல் சுற்றுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் ஆலையில் மிகவும் நிதானம் தேவைப்படுகிற இடம் இதுதான்.

குழலுக்குப் பக்கத்தில் சுற்று இறுக்கமாக இருக்கவேண்டும். வெளியே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரவேண்டும். இது தலைகீழானால், வெளிச்சுற்றின் இறுக்கம் உள்ளே இருக்கிற தளர்ந்த சுற்றுகளை நெரிக்கும். சுருளின் முகத்தில் நட்சத்திரம் போலக் கோடுகள் தெரியும். இல்லாவிட்டால் தூக்கும்போது நடுப்பகுதி தொலைநோக்கிக் குழாய் மாதிரி வெளியே நழுவும். இறுக்கத்தைத் தீர்மானிப்பவை மூன்று: தாய்ச்சுருளைத் தடுத்துப் பிடிக்கிற பிரேக்கின் இழுவை, சுருள் உருளையோடு அழுந்துகிற அழுத்தம், இரண்டு உருளைகளுக்கும் கொடுக்கிற விசையின் வேறுபாடு. சுருள் பெருக்கப் பெருக்கத் தன் பாரத்தாலேயே உருளையை அழுத்தும். ஆகவே தொடக்கத்தில் மேலிருந்து அமுக்குகிற உருளையை வரவரத் தளர்த்தவேண்டும்.

இதையெல்லாம் அளக்கக் கருவிகள் பின்னர் வந்தன. அதற்கு முன் மரத்தடிதான். சுற்றி முடிந்த ரீலின் முதுகில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டு போவார்கள். இறுக்கமான இடத்தில் கணீரென்று கேட்கும், தளர்ந்த இடத்தில் மொத்தென்று கேட்கும். “பலாப்பழம் தட்டிப் பாக்கிற மாதிரித்தான். வெளியால கல்லு மாதிரி இரிந்தா நம்பிப்போடக் கூடா. உள்ளுக்கு இரிக்கணும் இறுக்கம்” என்பார் சாச்சா.

பொதிவதும் அவ்வளவு இலேசான வேலை இல்லை. முதலில் சுருளின் இரண்டு முகத்திலும் வட்டமான உள்மூடி. பிறகு உடம்பைச் சுற்றித் தடித்த கிராஃப்ட் கடதாசி, சில சுற்று. இரண்டு பக்கமும் நீண்டு நிற்கிற ஓரத்தை மடித்து அமுக்குவார்கள். அதன்மேல் வெளிமூடியைப் பசையால் ஒட்டுவார்கள். குழல் நசியாமல் இரு முனைக்கும் அடைப்பு. அகலம், நிறை, எந்தப் பக்கமாக அவிழ்ப்பது என்பதெல்லாம் எழுதிய சீட்டு. கிராஃப்ட் என்பது ஜேர்மன் மொழியில் ‘பலம்’. 1879இல் கார்ல் டால் கண்டுபிடித்த முறையில் செய்வது. உறைக்குள் முன்பு தாரும் பின்னர் பொலித்தீனும் ஒரு படலமாக வைத்தார்கள். ஏனென்றால் கடதாசிக்குப் பெரிய எதிரி காற்றிலுள்ள ஈரம். அது ஓரத்தால் உள்ளே போனால் ஓரம் மட்டும் விரிந்து அலையலையாகிவிடும். நடு அப்படியே இருக்கும். நம்முடைய துறைமுகங்களின் காற்று எப்படியென்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மீற்றர் விட்டமுள்ள பத்திரிகைக் கடதாசி ரீலில் சுமார் 11 கிலோமீற்றர் நீளமான தாள் இருக்கும். கிட்டத்தட்ட காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய்த் திரும்புகிற தூரம். ஒரு மீற்றர் அகலத்துக்கு அரைத் தொன்னுக்கு மேல் பாரம். அதன் ஓரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு கீறல் விழுந்தால், ஏறக்குறைய 280 சுற்றுகள் பழுது. 850 மீற்றருக்கு மேல் உரித்து எறியவேண்டும். ஒரு முழ உறையின் பெறுமதி இதுதான்.

இதை நான் கணக்குப் போட்டுக் கற்கவில்லை. எண்பதுகளில் கொழும்பில் ஓர் அச்சகத்தில் ஒப்புநோக்குநராக இருந்தேன். ஒரு மழை நாளில் லொறியிலிருந்து உருட்டி இறக்கிய ரீலின் வெளிமூடி கிழிந்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இரவு பத்திரிகை ஓடத் தொடங்கியதும் தாள் அறுந்தது. மறுபடி கோத்தார்கள், மறுபடி அறுந்தது. ஈரம் பட்ட சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஐந்தாறு தடவைக்குப் பிறகு அந்த ரீலையே கழற்றிப் போட்டார்கள். காலை புகையிரதத்துக்குப் பத்திரிகைக் கட்டு போகவில்லை. மறுநாள் திட்டு வாங்கியவர் இயந்திரத்தில் நின்ற நானா. மூடி கிழிந்ததைக் கண்ட நான் ஒன்றும் பேசவில்லை. அது கவனிக்கவேண்டிய விஷயம் என்றே எனக்கு அப்போது தெரியாது. ஊருக்குப் போனபோது சாச்சாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “மூடி ஒட்டினவன் ஒழுங்காத்தான் ஒட்டியிரிப்பான், பாவம்” என்று மட்டும் சொன்னார்.

வாழைச்சேனை ஆலை, ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துத் திட்டங்களில் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படுவது. 1956இலிருந்து இயங்கியது. பின்னர் எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவது ஆலை வந்தது. வாழைச்சேனையின் சிறப்பு வைக்கோல். வயல் நிறைந்த மாவட்டத்தில் வயலின் மிச்சத்தையே கடதாசியாக்குகிற எண்ணம். வைக்கோலின் நார் கட்டை. கூழில் நீர் இலேசில் வடியாது. தனியே அதில் செய்த தாளுக்கு இழுவை தாங்குகிற பலம் குறைவு. அதனால் நீண்ட நாருள்ள மரக்கூழைக் கலப்பார்கள். அப்படிப்பட்ட தாளைச் சுற்றுகிறவன் பைன் மரத் தாளைச் சுற்றுகிறவனைவிடக் கை மெத்தனமாக இருக்கவேண்டும். வெளிநாட்டு இயந்திரத்தோடு வந்த அறிவுறுத்தல் நூலிலா இதைப் படித்தீர்கள் என்று சாச்சாவிடம் கேட்டிருக்கிறேன். “நூலா? முன்னால நிண்ட ஆக்களிட்ட பாத்ததுதான்” என்றார். முன்னால் நின்றவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள், ஓட்டமாவடி ஆட்களும் இருந்தார்கள். பின்னர் வந்த யுத்தம் அவர்களை எங்கெங்கோ அனுப்பிவிட்டது.

அமைச்சர் பெயரும் ஆண்டும் எப்படியோ தேடினால் கிடைக்கின்றன. வைண்டரில் நின்றவர்கள், மூடி ஒட்டியவர்கள், வைக்கோல் தாளுக்கு இழுவை எவ்வளவு என்று கையால் அறிந்தவர்கள் பற்றி எங்கள் பக்க நூலகங்களில் தேடியபோது ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. பக்தாதின் வர்ராக்குகளை ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் பேச முடிகிறது, ஏனென்றால் அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைத்தார்கள். நம் ஊர் வைண்டர்காரர்கள் எழுதவில்லை. எழுதத் தெரிந்த நாங்கள் கேட்கவுமில்லை.

சாச்சா இப்போது இல்லை. அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் ஹயாத்தோடு இருக்கிறார்கள்; ஒருவருக்குக் காது கேட்பதில்லை. போன மாதம் மற்ற இருவரிடமும் ஒலிப்பதிவு எடுத்தேன். அவர்களில் ஒருவர் பேச்சின் நடுவில் எழுந்து உள்ளே போய், கதவு மூலையிலிருந்து ஒரு தடியைக் கொண்டுவந்தார். ஒரு முழ நீளம், பிடித்த இடம் வழுவழுப்பாகக் கறுத்திருந்தது. அதால் மேசையைத் தட்டினார், பிறகு சுவரைத் தட்டினார். “கேட்டீங்களா, ரெண்டும் வேற வேற” என்றார். ஒலிப்பதிவில் அந்தச் சத்தமும் இருக்கிறது.