பனை புல்லோ? திமிங்கிலம் மீனோ?

மனிதனுடைய அறிவு பகுத்தலிலே தொடங்குகின்றது. காணும் பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரிடப் புகின் ஆயுள் போதாது. ஆதலின் மனம் ஒத்தவற்றைச் சேர்த்து, ஒவ்வாதவற்றை விலக்கி, சேர்த்த தொகுதிக்கு ஒரு பெயர் இடுகின்றது. அவ்வாறு பிறப்பதே பொதுக்கருத்து. தொகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டை இயற்கை இட்டதோ, மனிதன் இட்டானோ? வரலாறு தரும் விடையை ஈண்டு நோக்குவாம்.

பனையை நாம் மரம் என்றே வழங்குகின்றோம். தொல்காப்பிய மரபியலோ, புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. ஆதலால் உரையாசிரியர்கள் பனையையும் தெங்கையும் புல்லினத்திற் சேர்த்தனர். இக்காலத் தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெருவகுப்பில் வைக்கின்றது. ஏறுபவனுக்குப் பனை மரம். பிளந்து பார்த்தவனுக்கு அது புல். நோக்கம் வேறுபட வகையும் வேறுபடுகின்றது.

திமிங்கிலத்தின் கதை இதனினும் சுவையானது. கி. மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், அது நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டி ஈன்று பாலூட்டுவதைக் குறித்து, மீனினத்தினின்றும் அதனை வேறுபடுத்தினார். எனினும் சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1735 இல் வெளியிட்ட தமது நூலில் அதனை மீன்களோடு வைத்தார். 1758 இல் வந்த பத்தாம் பதிப்பிலேயே முலையூட்டிகளோடு சேர்த்தார்.

அறிஞர் கொண்டதை ஊர் உடனே கொள்ளவில்லை. 1818 இல் நியூயோர்க்கில், மீனெண்ணெய்ப் பரிசோதனைச் சட்டம் திமிங்கில எண்ணெயையும் கட்டுப்படுத்துமா என ஒரு வழக்கு எழுந்தது. திமிங்கிலம் மீனன்று எனச் சாமுவேல் மிச்சில் என்னும் அறிஞர் சாட்சி கூறியும், அது மீனே என ஜூரிமார் தீர்த்தனர். பின்னர்ச் சட்டத்தையே திருத்தித் திமிங்கில எண்ணெய்க்கு விலக்களித்தார்கள்.

ஜூரிமாரை எள்ளி நகையாடுதல் தகாது. 1970 களில் எலினோர் ரோஷ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் செய்த ஆய்வுகள், மனம் வரைவிலக்கணம் கொண்டு மட்டும் வகுப்பதில்லை எனக் காட்டின. பறவை என்றதும் சிறகடித்துப் பறக்கும் குருவி முன்னே வருகின்றது; பென்குயினோ பின்னே நிற்கின்றது. சிறந்த உதாரணம் ஒன்று நடுவே இருக்க, ஏனையவை அதனைச் சூழ்கின்றன. ஓரத்திலே நிற்பவற்றை எப்பக்கம் சேர்ப்பது என்பதிலேயே பிணக்கு எழுகின்றது.

பனையையும் திமிங்கிலத்தையும் எவ்வகையிற் சேர்த்தாலும் அவை வருந்தா. மனிதரை வகுக்குங்கால் நிலைமை வேறு. இலங்கையில் 1911 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு, தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு தொகுதியாகப் பிரித்து எண்ணியது. எண்ணுதற்கு இட்ட கோடு எண்ணுவதோடு நில்லாமல் மனத்திலும் பதிந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்டபோது, தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சிய நாடற்றோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று. இடையிலே அரைநூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

பகுத்தலை விட்டு மனிதன் வாழ இயலாது. பகுத்தல் அறிவுக்கு ஏணி. ஆயினும் ஏணியைச் சுவராக்குதல் அறிவன்று. இளைஞர்களே, ஒருவரை இன்னவர் என வகைப்படுத்துமுன், அக்கோட்டை இட்டவர் யார், எதற்காக இட்டார் என வினவுங்கள். மனிதன் இட்ட கோட்டை மனிதனே திருத்தவும் வல்லன்.