நியூயார்க்கில் ஒரு நைட் டூட்டி

நம் கல்லூரி கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்த்த எவருக்கும் ராத்திரி 2 மணி என்றால் என்னவென்று தெரியும். டீ ஆறிப் போயிருக்கும், பேனா கையில் இருக்கும், கண் எங்கேயோ போயிருக்கும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்காக, அப்படியொரு ராத்திரியின் சரித்திரத்தை எழுதுகிறேன்.

1984 மார்ச் 4, ஞாயிறு இரவு. லிபி ஸயான் என்ற 18 வயது கல்லூரி மாணவியை நியூயார்க் ஹாஸ்பிடல் எமர்ஜென்சிக்குக் கூட்டி வந்தார்கள். காய்ச்சல், தவிப்பு, உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. என்ன நோய் என்று அங்கே பிடிபடவில்லை. குடும்ப டாக்டரிடம் போனில் பேசி அட்மிட் செய்தார்கள். வார்டில் பயிற்சி டாக்டர்கள் இருவர் பார்த்து, வைரஸ் காய்ச்சல், கூடவே ஹிஸ்டீரியா அறிகுறிகள் என்று முடிவுகட்டினார்கள்.

நடுக்கத்துக்குப் பெத்திடின் ஊசி. அவளோ மனச்சோர்வுக்கு ஃபீனெல்சின் சாப்பிட்டு வந்தவள். இரண்டும் சேரக்கூடாது என்பது அப்போதே புத்தகத்தில் இருந்த சங்கதி. சீனியர் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூங்கப் போய்விட்டார். முதல் வருட டாக்டர் தலையில் சுமார் 40 நோயாளிகள். பெண் கட்டிலில் புரண்டு அடிக்கிறாள் என்று நர்ஸ் கூப்பிட்டபோது, நேரில் வராமலே கட்டிப்போடச் சொல்லி, ஹாலோபெரிடாலும் போடச் சொன்னார். விடியற்காலையில் ஜுரம் 107 டிகிரி. இதயம் நின்றது. காப்பாற்ற முடியவில்லை.

அப்பா சிட்னி ஸயான் பத்திரிகையாளர், சும்மா விடுகிற ஆளில்லை. கிராண்ட் ஜூரி டாக்டர்கள் மேல் குற்றம் சாட்டவில்லை, பயிற்சி முறையைத்தான் சாடியது. பெர்ட்ராண்ட் பெல் கமிட்டி வந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரம் 80 மணி, தொடர்ந்து 24 மணி என்று வரம்பு கட்டியது. 2003-ல் அந்த 80 மணி அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. 1995-ல் சிவில் ஜூரி பெத்திடின் கொடுத்தது தவறு என்றது. கோகெயினை மறைத்தாள் என்று பாதிப் பழியை அந்தப் பெண் மேலும் போட்டது. அப்பா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை.

எல்லோரும் தூக்கக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது ஹிஸ்டீரியா என்ற அந்த ஒரு வார்த்தை. அதை எழுதியாச்சு என்றால், அப்புறம் அவள் திமிறுவதெல்லாம் அதற்கே சாட்சி ஆகிவிடுகிறது இல்லையா?

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, கல்யாணமாகி ஒரு மாதமே ஆன பெண்ணுக்கு நானும் அதே வார்த்தையை எழுதினேன். நைட் சிஸ்டர் சீட்டைப் படித்துவிட்டு, "சார், ஜுரம் பார்த்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. காலையில் ஸ்லைடில் மலேரியா.