காட்டுப்பீ சொன்ன சாட்சி

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1755 முதல் ஒரு பீர் திருவிழா நடந்துவருகிறது. பெர்க்கிர்ஷ்வை என்று பெயர். பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டிப் பன்னிரண்டு நாள். குளிர்சாதனம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பீரைக் குளிர வைக்க அங்குள்ள குன்றைக் குடைந்து நிலவறைகள் அமைத்திருந்தார்கள். அவற்றின் வாசலில், மரநிழலில் நீள பெஞ்சு போட்டு, லிட்டர் குவளையோடு ஊரே உட்காரும்.

இதே ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனை 2005–2007இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஓர் ஆய்வில் சேர்த்தது. கர்ப்பத்தில் குடித்தீர்களா என்று கேட்டால் எந்தத் தாய்தான் தயங்காமல் பதில் சொல்வாள்? அதனால் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் காட்டுப்பீயையும் சோதித்தார்கள். பிறந்த ஓரிரு நாளில் வெளியேறும் அந்தக் கரும்பச்சைப் பிசினில், கர்ப்பத்தின் பிற்பாதியில் தாய் குடித்ததன் தடயம் எத்தில் குளுக்குரோனைடு என்ற வேதிப்பொருளாகத் தங்கியிருக்கும். தாய்மார் சொன்னதும் சோதனை சொன்னதும் பல இடங்களில் பொருந்தவில்லை.

தாய்மாரை மட்டும் குறை சொல்வது அநியாயம். கர்ப்பிணியின் குடி குழந்தையைப் பாதிக்கும் என்பதில் மருத்துவமே தாமதமாகத்தான் விழித்தது. 1899இலேயே வில்லியம் சல்லிவன் என்ற சிறை மருத்துவர், லிவர்பூல் சிறையிலிருந்த குடிகாரத் தாய்மாரின் குழந்தைகள் மற்றவர்களின் குழந்தைகளைவிட இரு மடங்குக்கு மேல் இறப்பதைக் கணக்கெடுத்து எழுதினார். 1968இல் பிரான்ஸின் நான்ட் நகரில் மருத்துவர் பால் லெமுவான் குடிகாரப் பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதியதையும் கவனித்தவர்கள் குறைவு. 1973இல் அமெரிக்காவின் ஜோன்ஸும் ஸ்மித்தும் இந்தப் பாதிப்புக்குப் பெயர் சூட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கொடுமை என்னவென்றால், அந்த ஆண்டுகளில் குறைப்பிரசவத்தைத் தடுக்கவென்று கர்ப்பிணிகளின் நரம்பில் ஆல்கஹாலையே டிரிப்ஸாக ஏற்றினார்கள். நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் பரப்பிய சிகிச்சை அது.

முதலில் மருத்துவர்களின் கண்ணில் பட்டது குழந்தையின் முகம். சிறிய கண், மெல்லிய மேலுதடு. அப்புறம் மூளை. எர்லாங்கன் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் மறுபடி பார்த்தபோது, தடயம் இருந்தவர்களிடம் அறிவுத்திறனிலும் கவனத்திலும் பின்னடைவு தெரிந்தது.

சர்க்கரையும் கொழுப்பும் கடைசியாகத்தான் கணக்கில் வந்தன. 2020இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவிலேயே ஆல்கஹால் பட்ட வரிக்குதிரை மீன்கள் வளர்ந்தபின் அளவுக்கு மீறித் தீனி கிடைத்தபோது அவற்றின் இரத்தச் சர்க்கரை ஏறியது. கருவில் ஆல்கஹால் பாதிப்புக்கு ஆளான 208 பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளிலும் இரண்டாம் வகை நீரிழிவும், டிரைகிளிசரைடு மிகுதியும், நல்ல கொழுப்புக் குறைவும் மற்றவர்களைவிட அதிகம். வயிற்றில் இருக்கும்போது பட்டது நாற்பது வயதில் மாத்திரைச் சீட்டாக வருகிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் நம் நாட்டில், இது வேற்றூர்ச் சங்கதி அல்ல.

பிரான்ஸில் 2007 முதல் மதுப் புட்டிகளில் கர்ப்பிணிச் சின்னமோ கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை வாசகமோ கட்டாயம். ஜெர்மனியில் அப்படிக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமான எச்சரிக்கை வாசகம், மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்கிறது. கர்ப்பிணிக்கென்று அதில் ஒரு சொல்கூட இல்லை.